மறதி வேறு, மறதி நோய் வேறு



சாவியை எங்கோ வைத்துவிட்டுத் தேடுவது எல்லார் வீட்டிலும் நடக்கும். அது நோய் அல்ல. ஆனால் சாவி எதற்கு என்றே தெரியாமல் விழித்தால்? பல வருடம் நடந்த தெருவில் வழி தவறினால்? சாப்பிட்டுக் கை கழுவியதும், "இன்னும் சோறு போடவில்லையே" என்று கேட்டால்? இப்படி மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போனால், அது மறதி நோயாக இருக்கலாம். டாக்டர்கள் இதை டிமென்ஷியா என்பார்கள்.

இது ஏன் வருகிறது? காரணங்கள் பல. மூளையின் செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழியும் அல்சைமர் நோய்தான் அதிகம். மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அடைபட்டாலும் வரும். இரத்தக் கொதிப்பு, சர்க்கரை நோய், புகையிலை ஆகியவை அதற்கு வழி செய்யும்.

தைராய்டு குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, தலையில் அடிபட்டு உள்ளே இரத்தம் கட்டுவது, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றைச் சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிசெய்யலாம். அல்சைமரை முழுதாகக் குணமாக்க மருந்து இல்லை. ஆனாலும் முன்பே தெரிந்தால் நல்ல பராமரிப்புக்கு ஏற்பாடு செய்யலாம்.

டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்? முதலில் வீட்டாரிடம் விவரம் கேட்பார். உடம்பையும் இரத்தத்தையும் பரிசோதிப்பார். தேவைப்பட்டால் மூளையை ஸ்கேன் எடுப்பார். நோயாளியிடம் சில கேள்விகளும் கேட்பார்.

இந்தக் கேள்விகளில் ஒரு சங்கடம் இருந்தது. 1975-இல் அமெரிக்காவில் வெளிவந்த கேள்விமுறை உலகெங்கும் பரவியது. அதில் "கண்ணை மூடு" என்று எழுதியிருப்பதைப் படித்து, அதன்படி செய்ய வேண்டும். ஒரு வாக்கியம் எழுதவும் வேண்டும். பள்ளிக்கூடமே போகாத பாட்டி என்ன செய்வார்? மூளை நன்றாக இருந்தும் மார்க் குறையும்.

1990-களில் ஹரியானாவின் பல்லப்கர் பகுதிக் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் இதை மாற்றினார்கள். இந்தியில் கேள்விகளை அமைத்தார்கள். "இப்போது காலையா, மத்தியானமா, சாயங்காலமா?", "இந்த ஊருக்கு எந்தத் தபால் ஆபீஸ்?" என்று கேட்டார்கள். படிக்கச் சொல்லாமல், "என்னைப் பார்த்து நான் செய்வதைச் செய்யுங்கள்" என்று கண்ணை மூடிக் காட்டினார்கள். எழுதச் சொல்லாமல், வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லச் சொன்னார்கள். எழுத்துத் தெரியாதது வேறு, அறிவு மங்குவது வேறு என்பதை இந்த முறை தெளிவாக்கியது.

ஆகவே "வயசானால் அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். பேய் என்று மந்திரிக்கப் போகாதீர்கள். வேண்டுமென்றே செய்கிறார் என்று திட்டாதீர்கள். நீங்கள் கற்ற எழுத்து இங்கே உதவும். மறதி எப்போது தொடங்கியது, எந்த வேலை முன்போல் முடியவில்லை, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதோடு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அந்த நோட்டு டாக்டருக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுக்கும்.