வலியில்லாத மஞ்சள் காமாலையை அலட்சியப்படுத்தாதீர்கள்

(அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





கடந்த ஆண்டு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரரின் ஜனாஸாவில் நம்மில் பலர் கலந்துகொண்டோம். வயது 58. கண் மஞ்சளானதும் வீட்டில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். பிறகு நாட்டு மருந்துக்காக வெளியூர் போய் வந்தார். அந்தப் பயணச் செலவைக் கொடுத்தது நமது அறக்கட்டளைதான். வலி இல்லை, காய்ச்சல் இல்லை, அதனால் அவசரமும் இல்லை என்று நாங்களும் நினைத்துவிட்டோம். இரண்டு மாதம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது பித்தநாளத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை செய்யும் கட்டம் அதற்குள் தாண்டியிருந்தது. அல்லாஹ் அவருடைய பிழைகளைப் பொறுத்தருள்வானாக. குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறோம். இன்னொரு வீட்டில் இப்படி நடக்கக் கூடாது.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர், பித்தநாளம் என்ற மெல்லிய குழாய் வழியாகக் குடலுக்கு வருகிறது. அந்தக் குழாய் அடைபட்டால் பித்தநீர் ரத்தத்தில் கலக்கிறது. கண்ணும் தோலும் மஞ்சளாகும். சிறுநீர் கட்டித் தேநீர் போல் கறுக்கும். மலம் வெளுத்துப் போகும். உடம்பெல்லாம் அரிப்பு எடுக்கும். பசி குறைந்து எடையும் குறையும்.

கீழாநெல்லி குடித்து எத்தனையோ பேருக்குக் குணமாகியிருக்கிறதே என்று கேட்பீர்கள். அசுத்தமான தண்ணீரால் வரும் காமாலை, பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணிந்துவிடும். அப்போது என்ன குடித்திருந்தாலும் பெயர் அந்த மருந்துக்குப் போய்ச் சேர்கிறது. குழாயில் அடைப்பு இருந்தால் எந்தப் பச்சிலையாலும் அது திறக்காது. நாட்கள்தான் வீணாகும்.

அடைப்பெல்லாம் புற்றுநோய் அல்ல. பித்தக்கல் நழுவி வந்து அடைப்பதும் சாதாரணமாக நடக்கிறது. எது என்பதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முதலில் ரத்தப் பரிசோதனை, வயிற்று அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். குழாய் விரிந்திருந்தால் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்கள். தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி வழியாகத் திசு எடுத்துச் சோதிப்பார்கள். அதன் வழியாகவே ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து அடைப்பை நீக்கவும் முடியும். சீக்கிரம் கண்டுபிடித்தால் அறுவைச் சிகிச்சையால் கட்டியை அகற்ற வாய்ப்புண்டு.

காரணம் என்ன? பலருக்குத் தெளிவான காரணம் எதுவும் தென்படுவதில்லை. ஆகவே நோயாளியைப் பார்த்து, "என்ன தப்புச் செய்தாய்?" என்று யாரும் கேட்க வேண்டாம். இந்த நோய் 50 வயதைக் கடந்தவர்களுக்கே அதிகம். நாளத்தில் நெடுநாள் அழற்சி, கல்லீரலுக்குள் உண்டாகும் கற்கள், பிறவியிலேயே நாளத்தில் உள்ள வீக்கம், ஹெபடைடிஸ் பி, சி கிருமிகள் ஆகியவை ஆபத்தைக் கூட்டும். தாய்லாந்தின் வடகிழக்கில் பச்சை மீன் உண்பதால் உடலில் புகும் ஒரு புழு இதற்குப் பெரிய காரணம். மீனை நன்றாக வேக வைத்துச் சாப்பிடும் நமக்கு அந்தக் கவலை இல்லை.

உழைக்கும் மக்களாகிய நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஜப்பானின் ஒசாகா நகரில் ஓர் அச்சகத்தில், காற்றோட்டமில்லாத அறையில் மை துடைக்கும் ரசாயனத்தோடு வேலை செய்த இளம் தொழிலாளர்கள் பலருக்கு இந்த நோய் வந்தது 2012இல் வெளியே தெரிந்தது. டைகுளோரோபுரோப்பேன் என்ற அந்த ரசாயனத்தை, உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2014இல் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என உறுதி செய்தது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை அச்சகம், பெயிண்ட், பட்டறை வேலைகளில் இருக்கும் நம் பிள்ளைகள் கதவு ஜன்னலைத் திறந்து வைத்து, கையுறை போட்டு வேலை செய்யட்டும். மருத்துவரிடம் போகும்போது என்ன வேலை செய்கிறோம் என்பதையும் சொல்லட்டும்.

நோயைத் தந்த இறைவன் அதற்கு மருந்தையும் வைத்திருக்கிறான் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குத் தந்த போதனை. துஆச் செய்வோம், ஓதியும் பார்ப்போம். ஆனால் அதைக் காரணம் காட்டி ஸ்கேனைத் தள்ளிப் போட வேண்டாம். தாய்மார்களே, அரிப்பையும் சிறுநீரின் நிறத்தையும் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

பணம் என்ற தயக்கமும் வேண்டாம். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் இரைப்பை, குடல் அறுவைச் சிகிச்சைக்குத் தனித்துறை இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை வசதி உண்டு. அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதாரோடு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். விண்ணப்பிக்க உதவுகிறோம்.

இனி மஞ்சள் காமாலை என்று உதவி கேட்டு வருபவருக்கு, அறக்கட்டளை முதலில் கொடுப்பது ஸ்கேன் செலவாகத்தான் இருக்கும். இன்ஷா அல்லாஹ், துணைக்கு ஓர் ஆளும் கூட வருவார். அந்தச் சகோதரருக்குச் செய்யத் தவறியதை அடுத்தவருக்காவது செய்ய அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.