முட்டைக் கூடையும் இரண்டு மோட்டார் வண்டிகளும்

சென்ற தை மாதத்தில் ஒருநாள் என் தாயாரைக் கிராமத்திலிருந்து நகரத்துக்குக் காரில் அழைத்து வந்துகொண்டிருந்தேன். பின் ஆசனத்தில் அமர்ந்திருந்த அவர், பேரக் குழந்தைகளுக்காகத் தம் கையால் வைத்த ரசத்தை ஒரு தூக்குச்சட்டியில் ஊற்றி, அதை மடியில் இருத்தி, இரு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தார். அந்தி மயங்கிய நேரம். எதிரே வந்த லாரியின் முகப்பு விளக்குகள் கண்ணைப் பறித்த அந்த ஒரு கணத்தில், வெள்ளைக் கோடு தேய்ந்து அழிந்துபோயிருந்த வேகத்தடை ஒன்றின்மீது வண்டியை ஏற்றிவிட்டேன். முன் சக்கரங்கள் துள்ளின. அதைத் தொடர்ந்து பின் சக்கரங்கள் இன்னும் பலமாகத் துள்ளின. தூக்குச்சட்டியின் மூடி தெறித்து, ரசம் அவர் புடவையெல்லாம் கொட்டிவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "பார்த்துப் போப்பா" என்று மட்டும் சொன்னார்.

வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் இத்தகைய சங்கடங்கள் நித்திய அனுபவம். பள்ளமும் மேடும் உடம்பை உலுக்குவது, எதிர்விளக்கு கண்ணைக் கூச வைப்பது, வளைவில் திரும்பும்போது நம் விளக்கின் ஒளி சாலையை விட்டுவிட்டு வயற்காட்டின்மேல் விழுவது, நெரிசலில் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் மரத்துப்போவது, கொட்டும் மழையில் டயர் பஞ்சராகி ஜாக்கியோடு மல்லாடுவது ஆகிய இவற்றையெல்லாம் "வண்டி என்றால் அப்படித்தான்" என்ற ஒரு வாக்கியத்தால் நாம் சமாதானம் செய்துகொள்கிறோம். ஆனால் அந்த வாக்கியத்தை ஒப்புக்கொள்ள மறுத்த சிலர், சுமார் எண்பது, தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் பிரான்ஸ் தேசத்தில் இருந்தார்கள். அவர்களுடைய இரண்டு வண்டிகளைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பாரிஸ் நகரத்துச் சிட்ரோயன் கம்பெனியின் பொறுப்பை 1930-களில் ஏற்றிருந்த பியேர் பூலான்ஷே என்பவர், அந்நாளில் குதிரை வண்டியிலேயே சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த குடியானவர்களை மனத்தில் வைத்து, தம் கம்பெனியின் வடிவமைப்பாளர்களிடம் ஒரு விசித்திரமான கோரிக்கையை வைத்தார். இரண்டு குடியானவர்களையும் ஐம்பது கிலோ உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லவேண்டும். நூறு கிலோமீட்டருக்கு மூன்று லிட்டர் பெட்ரோலுக்குமேல் குடிக்கக்கூடாது. ஒரு கூடை முட்டையை வைத்து உழுத நிலத்தின் குறுக்கே ஓட்டினால், ஒரு முட்டையும் உடையக்கூடாது. மோட்டார் வண்டிகளின் சரித்திரத்தில் வேகத்தைக் கேட்டவர்கள் உண்டு, அழகைக் கேட்டவர்கள் உண்டு, ஆடம்பரத்தைக் கேட்டவர்களும் உண்டு. முட்டைக் கூடையை முன்னால் வைத்து, இது உடையாமல் போய்ச் சேரவேண்டும் என்று கேட்டதிலேதான் அந்த மனிதருடைய விசேஷம் இருக்கிறது.

இந்த வண்டியின் முதல் மாதிரிகள் 1939-ல் தயாரான சமயத்தில் மகாயுத்தம் மூண்டது. ஒரே ஒரு முகப்பு விளக்குப் பொருத்திய அந்த வண்டிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. சிலவற்றை மட்டும், படையெடுத்து வந்த ஜெர்மானியர் கண்ணில் படாதபடி மறைத்து வைத்தார்கள். யுத்தம் முடிந்து, 1948-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பாரிஸ் மோட்டார் கண்காட்சியில் அந்த வண்டி முறையாக வெளியிடப்பட்டபோது, தகரக் கொட்டகைக்குச் சக்கரம் வைத்தாற்போன்ற அதன் உருவத்தைக் கண்டு பத்திரிகைக்காரர்கள் பரிகசித்தார்கள். 375 சி.சி. அளவும் ஒன்பது குதிரை சக்தியும் கொண்ட, காற்றினால் குளிர்விக்கப்படும் இரண்டு சிலிண்டர் எஞ்சின். சுருட்டி மடக்கக்கூடிய கித்தான் கூரை. குழாய்ச் சட்டத்தில் ரப்பர்ப் பட்டைகள் கட்டி அவற்றின்மேல் துணி விரித்த, வேண்டும்போது கழற்றி வெளியே புல்தரையில் போட்டு உட்காரக்கூடிய ஆசனங்கள். இரண்டு குதிரை என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர் அதற்கு வாய்த்தது. உலகம் அதை டூ சிவி என்று அழைத்தது.

முட்டையைக் காப்பாற்றிய உபாயத்தைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். அந்த வண்டியில் முன் சக்கரத்தைத் தாங்கும் கையும் பின் சக்கரத்தைத் தாங்கும் கையும் தனித்தனியே தத்தம் ஸ்பிரிங்கோடு நிற்பதில்லை. இரண்டும் வண்டியின் அடித்தளத்தின்கீழ், பக்கவாட்டில் படுக்கையாகக் கிடக்கும் ஓர் உருளைக்குள், ஆளுக்கொரு கம்பியால் பிணைக்கப்பட்டிருக்கின்றன. முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால், அந்தக் கம்பி உருளையை இழுக்கிறது. உருளை நகர்ந்து, பின் சக்கரத்துக்கு வரப்போகும் மேட்டை முன்கூட்டியே அறிவிப்பதுபோல் அதைத் தரையை நோக்கி அழுத்துகிறது. வண்டியின் உடம்பு முன்னால் தூக்கப்படாமல், தட்டை ஏந்திச் செல்பவர் கைபோல மட்டமாகவே நகர்கிறது. என் தாயாரின் தூக்குச்சட்டியைக் கவிழ்த்தது முன்னும் பின்னும் மாறி மாறி வந்த அந்த ஆட்டம்தானே! அதை ஓர் உருளையிலும் இரண்டு கம்பிகளிலும் அடக்கிவிட்டார்கள்.

அந்த மலிவான வண்டியில் இன்னொரு சாதனமும் இருந்தது. பின்னால் மூட்டைகளை ஏற்றினால் வண்டியின் முகம் மேல்நோக்கித் தூக்கிக்கொள்ளும். விளக்கின் ஒளி சாலையில் விழாமல் எதிரே வருபவர் கண்ணில் விழும். ஆகையால் ஓட்டுகிறவர் தம் இடத்தில் இருந்தபடியே ஒரு குமிழைத் திருகி, முகப்பு விளக்குகளைத் தாழ்த்திக்கொள்ளும்படி செய்திருந்தார்கள். பெட்ரோல் அளவைக் குச்சி விட்டுப் பார்க்கவேண்டிய, அத்தனை சிக்கனமான வண்டியில், முன்பின் தெரியாத ஒருவர் கண் கூசக்கூடாது என்பதற்காக ஒரு குமிழுக்குச் செலவு செய்திருக்கிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு மனம் நெகிழ்கிறது. அந்த வண்டிக்குப் பல வருஷங்கள் காத்திருக்கும்படி கிராக்கி ஏற்பட்டது. தொழில் நிமித்தம் ஊர் ஊராய்ப் போகவேண்டிய கிராமத்து வைத்தியர், கால்நடை வைத்தியர், மருத்துவச்சி போன்றவர்களுக்கு முன்னுரிமை தந்தார்கள். 1990 வரையில் அது உற்பத்தியாகி வந்தது.

இரண்டாவது வண்டி, 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி அதே பாரிஸ் கண்காட்சியில் வெளிப்பட்ட டி.எஸ். என்பது. அந்த இரண்டு எழுத்துகளையும் பிரெஞ்சு மொழியில் சேர்த்து உச்சரித்தால், தேவி என்ற பொருள் தரும் சொல்லாக ஒலிக்கும். அன்று முதல் பதினைந்து நிமிஷங்களில் 743 பேரும், அன்று மாலைக்குள் சுமார் 12,000 பேரும் பெயர் பதிந்தார்கள். ஆகாய விமானத் துறையிலிருந்து வந்த ஆந்த்ரே லெஃபெவ்ர், சிற்பியான இத்தாலியர் ஃப்ளமீனியோ பெர்த்தோனி, பதினேழு வயதில் கம்பெனியில் சேர்ந்து, என்ஜினீயர் பட்டம் ஏதுமின்றி, அனுபவத்தாலும் சிந்தனையாலும் மட்டுமே உயர்ந்த போல் மாஜெஸ் ஆகிய மூவரும் அதன் சிருஷ்டிகர்த்தாக்களில் முக்கியமானவர்கள்.

மாஜெஸ் எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான்: மிருதுவான ஸ்பிரிங் ஆளுக்குச் சுகம் தரும், ஆனால் பாரம் ஏற்றினால் தாழ்ந்துவிடும், கடினமான ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும், ஆனால் ஆளை உலுக்கும், இரண்டு குணங்களும் ஒன்றில் சேர வழி இல்லையா? இரும்பில் விடை கிடைக்காததால் அவர் வாயுவிடம் போனார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் இரும்புக் கோளம். அதற்குள் ஒரு ரப்பர்ச் சவ்வு. சவ்வுக்கு ஒரு பக்கம் அடைபட்ட நைட்ரஜன், மறுபக்கம் எஞ்சினால் இயங்கும் பம்ப் அனுப்புகிற திரவம். சக்கரம் மேட்டில் ஏறும்போது திரவம் வாயுவை அழுத்துகிறது. இரும்பைவிடப் பன்மடங்கு மிருதுவாக வாயு அந்த அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. பின்னால் மூன்று பேர் ஏறி வண்டி தாழ்ந்தால், உயரத்தைக் கவனிக்கும் வால்வு திறந்து இன்னும் திரவத்தை உள்ளே விட்டு, வண்டியைப் பழைய மட்டத்துக்கே கொண்டுவந்து நிறுத்துகிறது.

அந்த வண்டி காலையில் புறப்படும் காட்சி ஓர் அற்புதம். இரவெல்லாம் நின்றதில் திரவ அழுத்தம் குறைந்து, தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். எஞ்சினை முடுக்கிச் சில விநாடிகளில், முதலில் பின்புறமும் பிறகு முன்புறமுமாக, படுத்திருந்த பசு எழுந்து நிற்பதைப் போலவே அது எழுந்து நிற்கும். டயர் பஞ்சரானால் ஜாக்கியைச் சுற்றவேண்டியதில்லை. ஒரு நெம்புகோலால் வண்டியை உயர்த்தி, பக்கத்தில் ஒரு முட்டுக்கொடுத்து, மீண்டும் தாழ்த்தினால், சக்கரம் தானே தரையைவிட்டு மேலே எழும்பும். கிளட்ச் பெடல் கிடையாது. கியரை மாற்றும்போது திரவமே கிளட்சை இயக்கிவிடும். பிரேக் என்பது காளான் வடிவில் தரையில் முளைத்த சிறு குமிழ்; பாதத்தின் லேசான அழுத்தமே போதும். 1967-ல் முகப்பை மாற்றியமைத்தபோது, ஸ்டியரிங் திரும்பும் திசையில் தாமும் திரும்பி, வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கும் விளக்குகளைப் பொருத்தினார்கள். 1962-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் தேதி பிரான்ஸ் ஜனாதிபதி டிகாலைக் கொல்லச் சதிகாரர்கள் சுட்டபோது, டயர்கள் துளைக்கப்பட்ட நிலையிலும் நிலைகுலையாமல் அவரைக் காப்பாற்றிக் கொண்டுசென்றதும் ஒரு டி.எஸ். வண்டியே.

இவற்றுக்கு விலை இல்லாமல் இல்லை. தொடக்க காலத்தில் பயன்படுத்திய திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, உள்ளிருந்த உறுப்புகளைத் துருப்பிடிக்க வைத்தது, குழாய்கள் கசிந்தன, பழக்கமில்லாத பட்டறைகளில் மெக்கானிக்குகள் தவித்தார்கள். 1966-ன் பிற்பகுதியில் பச்சை நிறமான தாதுஎண்ணெய்த் திரவம் வந்த பிறகே அந்த அவஸ்தை தணிந்தது. மேலும், அத்தனை புதுமைகளுக்கும் நடுவில், எஞ்சின் மட்டும் 1934-ல் வந்த பழைய வண்டியின் வம்சத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. மனிதர் செய்த காரியத்தில் குறை இருப்பது இயற்கை. ஆயினும் ரோல்ஸ் ராய்ஸ் கம்பெனியே தன் 1965-ஆம் ஆண்டு வண்டிக்காகச் சிட்ரோயனிடம் அந்தத் திரவ யந்திர முறைக்கு உரிமம் பெற்றது என்பதும், வளைவில் திரும்பும் விளக்குகள் இன்று எத்தனையோ கார்களில் இருக்கின்றன என்பதும், அவர்கள் எடுத்த கேள்விகள் சரியானவை என்பதற்குச் சாட்சி.

ஒன்று குடியானவனுக்கு, மற்றொன்று வசதி படைத்தவனுக்கு. ஒன்றில் கம்பியும் கித்தானும், மற்றொன்றில் வாயுவும் திரவமும். ஆனால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து பிறந்தன என்பது என் திடமான அபிப்பிராயம். வண்டி எவ்வளவு வேகமாகப் போகும் என்று கேட்பதற்கு முன்னால், உள்ளே உட்கார்ந்திருக்கிறவர் எப்படிப் போய்ச் சேருவார், எதிரே வருகிறவர் எப்படிப் பார்ப்பார் என்று அவர்கள் கேட்டார்கள். சிரமத்தை விதியென்று ஏற்காமல் வினாவாக ஏற்ற அந்த மனப்பான்மையே உண்மையான பொறியியல். வழக்கத்துக்கு மாறான அந்த வடிவங்களெல்லாம் அதன் விளைவுகள்.

அத்தகைய வண்டி என்னிடம் இல்லை. ஆனால் இரண்டு வாரம் கழித்துத் தாயாரைத் திரும்பக் கிராமத்தில் கொண்டுவிடப் போனபோது, அவர் மறுபடியும் மடியில் ஒரு தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டார். இம்முறை அதில் நெய் இருந்தது. வேகத்தடை வரும் இடங்களை நினைவில் வைத்து முன்கூட்டியே கியரைக் குறைத்தேன். எதிரே விளக்குத் தெரிந்தபோதெல்லாம் என் விளக்கைத் தாழ்த்தினேன். மனத்துக்குள் அந்தப் பிரெஞ்சுக் குடியானவனின் முட்டைக் கூடையை வைத்துக்கொண்டு ஓட்டினேன். வழக்கத்தைவிட இருபது நிமிஷம் தாமதமாக வீடு சேர்ந்தோம். தாயார் திண்ணையில் உட்கார்ந்து, முந்தானையால் தூக்குச்சட்டியின் மூடியைத் தடவிப் பார்த்தார். அது உலர்ந்தே இருந்தது.