சாட்சிகள் அகன்ற பின்பே சமர் மூண்டது
(ஓலைத்தொடுவாயில் நிகழ்ந்த கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



ஒரு படையெடுப்பு எங்கே தொடங்குகிறது? முதற் குண்டு விழும் இடத்தில் என்பர் பலர். நான் அவ்வாறு கருதவில்லை. பார்த்திருந்தவர்கள் எழுந்து போகும் வேளையிலேதான் அதன் கொடுமை தொடங்குகிறது. இதற்குச் சான்று தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் மன்னார் மாவட்டமே சான்று.

2008 ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஏப்ரல் மாதத்தில் மடு மாதாவின் திருவுருவமே இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குச் சென்றது. மே மாதத்தில் அடம்பனும், யூலையில் விடத்தல்தீவும், ஓகஸ்டில் வெள்ளாங்குளமும் இராணுவத்தின் கைக்கு மாறின. கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளைத்த கமக்காரர், உழவு இயந்திரப் பெட்டிகளிலே பிள்ளைகளையும் விதைநெல்லையும் ஏற்றிக்கொண்டு கிழக்கு நோக்கி நடந்தனர். கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று ஊர் ஊராய்ப் பெயர்ந்தவர்களின் பாதை முள்ளிவாய்க்காலிலே முடிந்தது.

அவ்வாண்டு செப்டெம்பரில் அரசாங்கம் ஐக்கிய நாடுகள் சபையின் அலுவலர்களை நோக்கி, உங்கள் பாதுகாப்புக்கு நாம் பொறுப்பல்ல, வன்னியை விட்டு வெளியேறுங்கள் என்றது. கிளிநொச்சி மக்கள் அவர்களது அலுவலக வாயிலில் திரண்டு, எம்மை விட்டுப் போகாதீர்கள் என்று மன்றாடினர். அவர்கள் கேட்டது ஆயுதமா? பணமா? இல்லை! பார்த்திருக்க இரு கண்களை மாத்திரமே கேட்டனர். ஆனால், செப்டெம்பர் 16 ஆம் திகதி வாகனங்கள் புறப்பட்டுவிட்டன.

பின்னர் நிகழ்ந்தது என்ன? 2009 ஜனவரியில் அரசாங்கமே பாதுகாப்பு வலயம் என்று ஒரு நிலப்பரப்பை அறிவித்தது. மக்கள் அதனை நம்பிச் சென்றனர். எறிகணைகளும் அங்கே சென்றன! மருத்துவமனைகளும் தப்பவில்லை. வலயத்துள் இருப்போர் சுமார் 70,000 பேர் என்று கொழும்பு சொல்லிற்று. எண்ணிக்கை குறைந்தால் அனுப்பும் உணவும் மருந்தும் குறையும் அல்லவா? மறுபுறத்தில், விடுதலைப் புலிகள் மக்களை வெளியேற விடாது தடுத்தனர். தப்ப முயன்றோரைச் சுட்டனர். இவ்விரண்டையும் ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழு 2011 இல் எழுதி வைத்தது. நம் பக்கத்துத் தவறென்று ஒன்றை மறைத்தால், மற்றதைச் சொல்லும் உரிமை நமக்கு ஏது?

வெளியார் செய்ததை அடுக்கிப் பாருங்கள். முதலிலே விலகினர். அடுத்து, தம் கையிலிருந்த கணக்கை வெளியிடத் தயங்கினர். 2009 மே 13 வரை 7,721 பேர் மாண்டனர் என்று ஐ.நா. அலுவலர் குறித்து வைத்திருந்தும் அதனை முறைப்படி உலகுக்கு அறிவிக்கவில்லை. மூன்றாவதாக, பாராட்டினர்! போர் முடிந்து பத்து நாள் ஆவதற்குள், மே 27 அன்று, ஜெனீவா மனித உரிமைச் சபை இலங்கைக்கு இசைவான தீர்மானத்தை நிறைவேற்றியது. ஆதரவு 29, எதிர்ப்பு 12, நடுநிலை 6. இந்தியாவும் ஆதரித்தது. கடைசியில் வருந்தினர். 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்றது 2011 ஆம் ஆண்டு அறிக்கை. ஐ.நா. அமைப்பே தன் கடமையில் தவறியது என்று 2012 இல் அதன் உள்ளக ஆய்வே ஒப்புக்கொண்டது.

இஃது உலகின் இயலாமையா? அல்ல! 2022 பெப்ரவரி 24 இல் ரஷ்யா உக்ரேனுள் புகுந்தது. ஏழாம் நாளே 141 நாடுகள் பொதுச் சபையில் அதனைக் கண்டித்தன. மறு ஆண்டு மார்ச் மாதத்தில் ரஷ்ய அதிபர் மீதே சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் பிடியாணை விடுத்தது. அதனால் போர் நின்றுவிடவில்லை. ஆயினும் நடப்பது குற்றம் என்ற சொல் உடனே பதிவாயிற்று. எனவே, உலகத்துக்குக் கண் உண்டு. எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை அதன் நலன் தீர்மானிக்கிறது. அந்த வாக்கெடுப்பில் இந்தியாவும் இலங்கையும் நடுநிலை வகித்தன என்பதையும் மறவாதீர்கள்.

அவ்வாறாயின் நாம் செய்யத்தக்கது யாது? மன்னார் ஆயராய் இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் அரசாங்கத்தின் ஆணைக்குழு முன் ஒரு கழித்தற் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் இருந்தோர் 429,059. 2009 யூலை வரை வெளிவந்தோர் 282,380. எஞ்சிய 146,679 பேர் எங்கே? இதுதான் அவர் கேள்வி. முதல் எண் அரசாங்கக் கச்சேரிகள் தந்தது; இரண்டாவது எண் ஐ.நா. தந்தது. ஆண்டகை 2021 இல் மறைந்தார். அவர் கேள்விக்கு விடை வரவில்லை. ஆரவாரமில்லாத அந்தக் கணக்கை எந்த மேடைப் பேச்சாலும் அசைக்க முடியவில்லை.

ஆகவே வேண்டுகிறேன். ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, மருத்துவர்களே! ஊர்தோறும் அமர்ந்து, வீடு வீடாக, மாண்டவர் பெயரையும் காணாமற்போனவர் பெயரையும், நாளையும் இடத்தையும் எழுதுங்கள். கமக்காரப் பெருமக்களே, கடற்றொழிலாளரே! கண்டதைச் சொல்லுங்கள்; கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவே சொல்லுங்கள். சான்று திரட்டும் பணியை 2021 இல் ஜெனீவா ஏற்படுத்தியது. நாம் சொல்லாததை எவர் திரட்டுவார்?

முடிக்குமுன் ஒன்று. 1990 ஒக்டோபரில், இதே தீவின் எருக்கலம்பிட்டியிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் நம் முஸ்லிம் அயலவரைப் புலிகள் வெளியேற்றினர். அன்று பார்த்திருந்த வெளியார் யார்? நாம்! கண்ணீர் விட்டவர் உண்டு. ஊராகத் திரண்டு தடுத்தவர் இல்லை. நம் ஏட்டிலே அவர்களது பெயர்களும் எழுதப்பட வேண்டும். அதனை எழுதும் துணிவு நமக்கு வருமானால், உலகத்தை நோக்கி விரல் நீட்டும் தகுதியும் நமக்கு வரும்.