கணைய அழற்சி மறுபடி வருமா?

(கிளை உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் ஜீரண உறுப்புகளுக்கான மருத்துவன் என்பதால், நம் அங்கத்தினர் இல்லங்களிலிருந்து அடிக்கடி ஒரே கேள்வி வருகிறது. "டாக்டர், அவருக்குப் பான்கிரியாடைடிஸ் வந்து பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாயிற்று. இனிமேல் வராதே?"

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே கிடக்கும் சுரப்பி. அதன் ஜீரண நொதிகள் குடலுக்குப் போய் வேலை செய்ய வேண்டியவை. வழி அடைத்துக்கொண்டாலோ, சுரப்பியின் செல்கள் கெட்டாலோ, அவை உள்ளேயே வேலையைத் தொடங்கிக் கணையத்தையே ஜீரணிக்கும். மேல்வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் அந்தப் பொல்லாத வலி இதனால்தான்.

முதல் முறை வந்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மறுபடி வருகிறது. அந்த ஒருவர் யார்? பலர் ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டி, "அமைலேஸ் ஆயிரத்தைத் தாண்டிவிட்டதே" என்று பயப்படுகிறார்கள். அது நோயைக் கண்டுபிடிக்க உதவும், ஜோசியம் சொல்லாது. 1974-இல் வந்த ரான்சன் மதிப்பெண்கூட இந்த முறை எவ்வளவு கடுமையாகும் என்று கணிப்பதற்குத்தான். அடுத்தது வருமா என்பதை முக்கியமாகக் காட்டுவது, நோயின் காரணம் உள்ளே இன்னும் இருக்கிறதா, நீங்கிவிட்டதா என்பதே.

முதல் காரணம் பித்தப்பைக் கல். "நாங்கள் சுத்த சைவம், எங்களுக்கு ஏன் கல்?" என்கிறார்கள். சைவர்களுக்கும் கல் வரும். அதிலும் தெற்கைவிட கங்கைச் சமவெளியில் இது அதிகம். பொடிக்கற்கள்தான் சுலபமாக நழுவிக் கணையக் குழாயின் வாயை அடைக்கும்.

சாதாரணத் தாக்குதலாக இருந்தால், வீட்டுக்குப் போகும் முன்பே பித்தப்பையை எடுத்துவிடலாம் என்பார் சர்ஜன். வீட்டார் சம்மதிப்பதில்லை. "வலிதான் போய்விட்டதே, தையில் பேரனுக்குப் பூணூல், அது முடியட்டும்." நெதர்லாந்தில் 23 மருத்துவமனைகளில் 266 நோயாளிகளை வைத்துச் செய்த ஆய்வு 2015-இல் வெளியாயிற்று. உடனே எடுத்தவர்களில் ஆறு மாதத்துக்குள் கல் தொல்லையால் திரும்பி வந்தவர்களும் இறந்தவர்களும் சேர்ந்து 100-க்கு 5 பேர். சுமார் நான்கு வாரம் தள்ளிப்போட்டவர்களில் 17 பேர். அந்த நான்கு வாரத்திலேயே பாதகம் நடந்துவிடுகிறது! (கணையம் கடுமையாகக் கெட்டு நீர் கோத்திருந்தால் காத்திருக்கத்தான் வேண்டும், அது சர்ஜன் முடிவு.)

அடுத்தது மது. நம் வீடுகளில் இதைக் கேட்கவே கூச்சம், சொல்ல அதைவிடக் கூச்சம். நான் மாமியைக் காபி வாங்கி வர அனுப்பிவிட்டுத்தான் மாமாவிடம் கேட்கிறேன். உண்மை வந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. பின்லாந்தில் 120 பேரிடம் செய்த ஆய்வு 2009-இல் வந்தது. ஒரு முறை மட்டும் புத்தி சொன்னவர்களில் இரண்டு ஆண்டுகளில் 21 சதவீதம் பேருக்கு மறுபடி வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுப் பேசியவர்களில் 8 சதவீதம்தான். பேச்சுதான் மருந்து! சிகரெட்டும் சேர்ந்திருந்தால் ஆபத்து கூடும்; அதையும் விட வேண்டும்.

மூன்றாவது டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு. 1000 மில்லிகிராமைத் தாண்டினால் கணையத்துக்கு ஆபத்து. கட்டுப்படாத சர்க்கரை வியாதி உள்ளவர்கள் கவனிக்க. ஒரு சூட்சுமம் உண்டு: பட்டினி போட்ட ஓரிரு நாளில் இது இறங்கிவிடும். ஆகவே முதல் நாளே ரத்தம் எடுத்தார்களா என்று கேளுங்கள்.

"காரணம் தெரியவில்லை" என்று எழுதி அனுப்பினால் அதோடு விட வேண்டாம். அல்ட்ராசவுண்டை மறுபடி எடுக்கலாம். எண்டோஸ்கோபி வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்டு, மற்றதில் தப்பிய பொடிக்கல்லைக் காட்டும். ரத்தக் கால்சியமும் பார்க்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவரானால் கட்டி இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்வது அவசியம். சிறு வயதில் திரும்பத் திரும்ப வந்தால் மரபணுச் சோதனை உண்டு.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருப்பவர்கள் காபி இடைவேளையில் என்னிடம் காட்டலாம். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பேன்.