தலையிடியை யோசனை என்று விட்டுவிடாதீர்கள்
(மீளத் திரும்பும் குடும்பங்களுக்கான ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலும் மண்சரிவும் நம்மை வீட்டை விட்டு எழுப்பின. இப்போது திரும்பிப் போகிறோம். இந்த நாட்களில் நான் அதிகம் கேட்ட பேச்சு, "தலையிடி தாங்க முடியவில்லை, யோசனைதான் காரணம்" என்பது. யோசனையாலும் தலையிடி வரும். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று நாமே முடிவு கட்டக்கூடாது.

என் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். அவருடைய பிரஷர் மாத்திரையும் கிளினிக் கொப்பியும் வெள்ளத்தோடு போயிருந்தன. இரண்டு கிழமை கழித்து அளந்தபோது இரத்த அழுத்தம் மிக அதிகம். மருந்து விட்டுப்போனவர்கள் கொப்பி இல்லாவிட்டாலும் பக்கத்து அரச வைத்தியசாலைக்குப் போங்கள். மருந்தின் பெயர் தெரியாவிட்டால் வெறும் மாத்திரை அட்டையைக் கொண்டுபோங்கள்.

வீட்டிலே கவனிக்க வேண்டியவை இவை.

சேறு துப்புரவாக்கிய பிறகு காய்ச்சல், தலையிடி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சேற்றில் இறங்கி ஒரு மாதம் வரைக்கும் இது வரலாம். சேற்றில் இறங்கியதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இறங்குவதற்கு முன் தடுப்பு மாத்திரை பற்றி பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

கண்ணுக்குப் பின்னால் வலியும் காய்ச்சலும் என்றால் டெங்குவாக இருக்கலாம். பரசிட்டமோல் தவிர அஸ்பிரின், புரூபன் போன்றவற்றை நீங்களாகக் குடிக்க வேண்டாம்.

கதவு ஜன்னலை மூடிக்கொண்டு கரி, விறகு எரித்தாலோ, ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைத்தாலோ மணமில்லாத நச்சுவாயு சேரும். வீட்டில் பலருக்கும் ஒரே நேரத்தில் தலையிடித்து, வெளியே வந்தால் குறைகிறதா? உடனே எல்லோரும் வெளியே வாருங்கள். உயிரே போகக்கூடிய விஷயம் இது.

மண்சரிவில் தலையில் அடிபட்டவருக்குச் சில கிழமை கழித்தும் உள்ளே இரத்தம் கசிந்து தலையிடி கூடலாம். "அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று இருந்துவிடாதீர்கள்.

மாதத்தில் 15 நாளுக்கு மேல் பனடோல் குடித்தால், அந்த மாத்திரையே தலையிடியை நிலைக்க வைக்கும். கண்ணாடி தொலைந்தது, தூக்கமின்மை, தண்ணீர் குறைவு ஆகியவையும் காரணமாகலாம்.

ஒரு கொப்பியில் எழுதுங்கள்: எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம், என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மாத்திரை குடித்தீர்கள். வைத்தியருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. காரணத்தைக் கண்டுபிடிக்க அந்தக் கொப்பி பெரிய உதவி.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் கடும் வலி, வலிப்பு, மயக்கம், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் விறைத்தல், பார்வை மங்கல், கழுத்து விறைப்போடு காய்ச்சல், கர்ப்பிணிக்குக் கடும் தலையிடி: இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள். அம்புலன்ஸ் இலவசம். கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன.

பரிசோதித்த பிறகு யோசனைதான் காரணம் என்று தெரிந்தால், அதற்கும் வைத்தியம் உண்டு. 1926 இலக்கத்தில் மனம் விட்டுப் பேசலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வீடு திருத்த ஆள் வேண்டும் அம்மா. அந்த ஆள் நீங்கள்தான். உங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.