சின்னஞ்சிறு பெண் குழந்தைக்கு ரத்தக்கசிவு



பிறந்த முதல் வாரத்தில் சில பெண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்பில் துளி ரத்தம் கசியும். தாயிடமிருந்து வந்த ஹார்மோன் குறைவதன் விளைவு அது; சில நாளில் தானாக நின்றுவிடும். அதற்குப் பிறகு, பூப்பெய்தும் வயதுக்கு முன்பே உள்ளாடையில் ரத்தம் பட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் தொற்றோ காயமோதான். மிக அரிதாகப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

ராப்டோமயோசர்கோமா அப்படி ஒன்று. 5 வயதுக்குள்தான் அதிகம் வரும். திராட்சைக் கொத்துபோல் சதை வெளியே தெரியும். இன்னொன்று யோக் சாக் கட்டி. இது ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீன் என்ற புரதத்தைச் சுரப்பதால் ரத்தப் பரிசோதனையிலேயே துப்பு கிடைக்கும். ஆனால் கைக்குழந்தைகளுக்கு அந்தப் புரதம் இயல்பாகவே கூடுதல். வயதைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

நோயை உறுதிசெய்ய, மயக்க மருந்து கொடுத்து, மெல்லிய கேமராக் குழாயால் உள்ளே பார்த்து, துளி சதை எடுத்துச் சோதிப்பார்கள். குழந்தைக்கு அப்போது வலி தெரியாது.

ஒரு காலத்தில் ராப்டோமயோசர்கோமா என்றால் கருப்பை, சிறுநீர்ப்பை எல்லாவற்றையும் அகற்றினார்கள். நினைக்கவே நெஞ்சு பதறுகிறது. 1972-இல் அமெரிக்காவில் தொடங்கிய கூட்டு ஆய்வுகள் பாதையை மாற்றின. இப்போது முதலில் மருந்து. அந்த மருந்துகளில் முக்கியமான வின்கிறிஸ்டின், நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து கிடைப்பது. கட்டி சுருங்கியபின், தேவைப்பட்டால் மட்டுமே சிறிய அறுவை. பல குழந்தைகளுக்குக் கருப்பையைக் காப்பாற்ற முடிகிறது. சிகிச்சை தொடங்கும் முன்பே, பிற்காலத் தாய்மை பற்றி மருத்துவரிடம் பெற்றோர் தயங்காமல் கேட்கலாம்.