பனிமேல் ஓடும் வண்டி

தமிழ்நாட்டை விட்டு வடக்கே வந்து வாழும் நம்மில் பலருக்குப் ‘பனி’ என்னும் சொல் சிறிது இடர்ப்பாடு தருவது. முன்பனி, பின்பனி என்று ஆண்டின் இரு பருவங்களுக்குப் பெயரிட்ட நம் முன்னோர் கண்ட பனி, விடியற்காலையில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளி. இமயத்தின் சரிவுகளில் பஞ்சுபோல் விழுந்து, ஆளுயரம் குவிந்து, வழியை அடைத்துவிடும் வெண்பொருளுக்கும் அதே சொல்லைத்தான் நாம் வழங்குகிறோம். மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இது பழகிப்போன தொல்லை. ஆங்கிலத்தில் தனித்தனிச் சொற்களாக நிற்கும் மூன்று நான்கு பொருள்கள் தமிழுக்கு வந்ததும் ஒரே பனியாக உருகிவிடுகின்றன. இப்பேச்சில் பனி என்று நான் சொல்லுமிடமெல்லாம் அந்தக் குவியும் வெண்பனியையே நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளிர்காலத்தில் நானும் என் மனைவியும் குல்மார்க் சென்றிருந்தோம். அங்கே பயணிகளை மரச் சறுக்குவண்டியில் உட்காரவைத்துக் கயிற்றால் இழுத்துச் செல்லும் தொழிலாளர் பலர் உண்டு. அவர்களைக் கடந்து சென்று, இயந்திரத்தால் ஓடும் பனிவண்டி ஒன்றில் ஏறினோம். ‘ஸ்னோ ஸ்கூட்டர்’ என்று அங்குள்ளோர் அதனை அழைக்கின்றனர். மோட்டார் சைக்கிளைப் போன்ற இருக்கை. முன்னே சக்கரத்துக்குப் பதிலாக இரண்டு சறுக்குக் கட்டைகள். அடியில் ஓயாமல் சுழலும் ரப்பர்ப் பட்டை. கால் மணி நேரம் மலைச்சரிவில் ஏறி இறங்கினோம். குழந்தைகளைப் போலச் சிரித்தோம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஊர் திரும்பிய பின் இவ்வண்டியின் பிறப்பைப் பற்றிப் படித்தேன். விளையாட்டுக்காக அது பிறக்கவில்லை என்று அறிந்தபோது வியப்பாக இருந்தது. அந்த வரலாற்றையே இன்று சொல்ல விரும்புகிறேன். வண்டிக்குப் ‘பனியுந்து’ என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

புதுப் பனியில் காலை வைத்தால், சேற்று வயலில் புதைவதுபோல் முழங்கால்வரை புதையும். மோட்டார் வண்டியின் சக்கரமும் அவ்வாறே புதைந்து, நின்ற இடத்திலேயே சுழலும். பாரத்தை அகலமான பரப்பில் பரப்பினால்தான் பனி தாங்கும். சறுக்குக் கட்டைகளின் தத்துவம் இதுவே. ஆனால் பாரத்தைப் பரப்புவதோடு வண்டியை முன்னே தள்ளவும் வேண்டுமே! இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் வழியைத் தேடித்தான் பலர் பல்லாண்டுகள் உழைத்தனர். தென் துருவத்தை நாடிச் சென்ற காப்டன் ஸ்காட் மூன்று மோட்டார்ச் சறுக்குவண்டிகளைக் கொண்டுபோனார். 1911-ஆம் ஆண்டு ஜனவரியில், கப்பலிலிருந்து இறக்கும்போதே ஒன்று கடற்பனியை உடைத்துக்கொண்டு மூழ்கிவிட்டது. மற்ற இரண்டும் பயணத்தின் தொடக்கத்திலேயே பழுதாகி நின்றன. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வர்ஜில் வைட் என்பவர் ஃபோர்டு காருக்குச் சறுக்குக் கட்டைகளும் பட்டைகளும் பூட்டி விற்றார். விஸ்கான்சின் மாநிலத்தின் சேனர் என்னும் சிற்றூரில், 1924-இல், கார்ல் எலியாசன் படகு மோட்டார் ஒன்றைச் சறுக்குப் பலகைமேல் பொருத்தி ஓட்டினார். பிறவியிலேயே பாதத்தில் குறையுடையவர் அவர். பனியில் நண்பர்களோடு நடந்து வேட்டைக்குச் செல்ல இயலவில்லை. அந்தக் குறைக்குத் துணையாகத்தான் வண்டியைக் கண்டார்.

எனினும் இவ்வரலாற்றில் தலையாய இடம் கனடா நாட்டின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே என்பவருக்கே உரியது. 1907-இல் வால்கூர் என்னும் ஊரில் பிறந்தவர். மகன் பாதிரியாராக வேண்டும் என்பது தந்தையின் விருப்பம். மகனுக்கோ கடிகாரமும் இயந்திரமும் அன்றி வேறு நாட்டமில்லை. 1922-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, பதினைந்து வயதுச் சிறுவனாக, பழைய ஃபோர்டு கார் ஒன்றின் இயந்திரத்தைச் சறுக்குவண்டியில் ஏற்றி, பின்புறம் விமானத்தின் சுழல்விசிறி போன்ற ஒன்றை மாட்டித் தெருவில் விட்டார். தம்பி வண்டியைத் திருப்ப, இவர் இயந்திரத்தைக் கவனித்தார். ஊரார் வாய்பிளந்து நின்றனர். தந்தையோ, மறைப்பின்றிச் சுழலும் விசிறியைக் கண்டு நடுங்கி, உடனே அதைப் பிரித்துப்போடச் சொல்லிவிட்டார். அவர்மீது குறை சொல்வதற்கில்லை.

பத்தொன்பது வயதில் பொம்பார்டியே மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். கோடையில் ஊரார் கார்களைச் செப்பனிடுவார். குளிர்காலத்தில் பனிவண்டி ஆராய்ச்சி. அக்காலத்துக் கியூபெக்கில் நாட்டுப்புறச் சாலைகளில் பனியை அகற்றும் வழக்கம் இல்லை. முதற்பனி விழுந்ததும் கார்களை மூடிவைத்துவிட்டு, வசந்தம் வரும்வரை குதிரை பூட்டிய சறுக்குவண்டியையே நம்பி மக்கள் வாழ்ந்தனர். அவசரம் என்பது அந்த நான்கைந்து மாதங்களில் நேரக்கூடாத ஒன்று.

அது நேர்ந்தது. 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் இவோனுக்குக் குடல்வால் அழற்சி கண்டு, வயிற்றினுள் சீழ் பரவியது. மருத்துவமனை இருந்தது ஷெர்ப்ரூக் நகரத்தில். வழியெல்லாம் பனி. பன்னிரண்டு ஆண்டுகளாகப் பனிவண்டியையே நினைத்து வாழ்ந்த மனிதரிடம், அன்று நம்பி ஏறக்கூடிய வண்டி ஒன்றுகூட இல்லை. குழந்தை இறந்துவிட்டது.

மகனின் மரணமே இந்தக் கண்டுபிடிப்புக்குக் காரணம் என்று எழுதுவோர் உளர். அது சரியன்று; சிறுவயது முதலே அவர் இதில் ஈடுபட்டிருந்தார். ஆயின் அதன்பின் அவர் உழைத்த வேகம் வேறு. பல நாளாக அவரை வருத்திய சிக்கல், பட்டையைச் சுழற்றும் பற்சக்கரத்தைப் பற்றியது. இரும்புப் பற்களில் பனி அப்பிக்கொண்டு இறுகிவிடும், பட்டையும் கழன்றுவிடும். 1935-இல் அவர் அந்தப் பற்சக்கரத்தை ரப்பரால் மூடி, அதற்கேற்ற ரப்பர்ப் பட்டையையும் அமைத்தார். ரப்பர் வளைந்து கொடுப்பதால் பனி ஒட்டாமல் உதிர்ந்துவிடும். இதற்கு 1937-இல் காப்புரிமை கிடைத்தது. எழுவர் அமரும் வண்டியும், பின்னர்ப் பன்னிருவர் அமரும் வண்டியும் வால்கூரிலிருந்து புறப்பட்டன. கப்பலின் பலகணிபோல் வட்டமான சன்னல்களை உடைய அவ்வண்டிகளில் மருத்துவர் நோயாளியிடம் சென்றனர், பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றனர், தபால் சென்றது. தமக்குக் கிடைக்காத வண்டியைப் பிறர் வீட்டு வாசல்களுக்கு அவர் அனுப்பிக்கொண்டிருந்தார்.

பிறகு வந்தது, யாரும் எதிர்பாராத ஓர் இடி. 1940-களின் இறுதியில் மாகாண அரசு நாட்டுப்புறச் சாலைகளிலும் பனியை அகற்ற முற்பட்டது. மக்களுக்கு அது பெரிய நன்மை. பொம்பார்டியேயின் தொழிற்சாலைக்கோ பெரிய நட்டம். கார்களே ஓடும்போது பனிவண்டி எதற்கு? சதுப்பு நிலத்திலும் காட்டிலும் செல்லும் பட்டை வண்டிகளைச் செய்து அவர் நிலைமையைச் சமாளித்தார். இருந்தாலும் இளமைக் கனவு ஒன்று மீதமிருந்தது: ஓரிருவர் ஏறிச் செல்லத்தக்க சிறு வண்டி. எடை குறைந்த இயந்திரங்கள் 1950-களில் கிடைக்கலாயின. மகன் ஜெர்மேனின் துணையோடு இணைப்பில்லாத ஒரே ரப்பர்ப் பட்டையும் உருவாயிற்று. 1959-இல் அந்தச் சிறு வண்டி வெளிவந்தது.

நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிக்கு மாற்றாக அமைவதால் அதற்கு ‘ஸ்கீ-டாக்’, அதாவது சறுக்கும் நாய், என்று பெயர் வைக்க எண்ணினராம். எழுத்துப் பிழையால் அது ‘ஸ்கீ-டூ’ ஆகிவிட்டதாம். வழக்கில் உள்ள கதை இது. எழுத்துப் பிழையால் ஆதாயம் அடைந்த ஒருவரையேனும் எங்கள் தொழிலில் நான் கண்டதில்லை. ஆகையால் இக்கதையில் எனக்குத் தனிப் பற்று உண்டு.

முன்மாதிரி வண்டியை ஒன்ராரியோவின் வடகோடியில் ஆதிகுடிகளிடையே பணியாற்றிய பாதிரியார் நண்பர் ஒருவரிடம் பொம்பார்டியே கொண்டுசென்றார். பாதிரியார்களும், மென்மயிர் விலங்குகளைக் கண்ணிவைத்துப் பிடிப்போரும், நில அளவையாளரும் இதை வாங்குவர் என்பது அவர் கணக்கு. முதற் பருவத்தில் செய்தவை 225 வண்டிகளே. கணக்கு தவறியது, நல்ல விதமாக! நகரத்தார் வாங்கினர், உழவர் வாங்கினர், மாதக்கணக்கில் வீட்டினுள் அடைந்து கிடந்த குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் பனிவெளிக்கு வந்தன. சில ஆண்டுகளில் உற்பத்தி ஆயிரக்கணக்கில் ஏறியது. சாலைகள் திறந்துவிட்டதால் தேவையற்றுப்போன வண்டி, அதே காரணத்தால் பொழுதுபோக்கு ஆயிற்று என்று எனக்குத் தோன்றுகிறது. பனிக்கு அஞ்ச வேண்டிய நிலை நீங்கிய பின்னரே பனியில் விளையாட மனம் வந்தது போலும். பொம்பார்டியே 1964-இல் காலமானார். அதே ஆண்டில்தான் விஸ்கான்சினின் ஈகிள் ரிவர் என்னுமிடத்தில் பனியுந்துப் பந்தயம் தொடங்கியது.

மினசோட்டா மாநிலத்து ரோசோ ஊரில் இதே தொழில் தனியே வளர்ந்தது. உழவுக் கருவிகள் செய்த சிறிய பட்டறை ஒன்று, 1956-இல் ஒரு பனியுந்தைச் செய்து விற்றது; அதுவே பின்னாளில் ‘பொலாரிஸ்’ நிறுவனம். அதன் தலைவர்களுள் ஒருவரான எட்கர் ஹெட்டீன், இவ்வண்டி விளையாட்டுச் சாமானன்று என்று காட்டுவதற்காக 1960-இல் அலாஸ்காவின் குறுக்கே ஆயிரம் மைலுக்கு மேல் பயணம் செய்தார். 1968 ஏப்ரலில் அதே மாநிலத்தைச் சேர்ந்த ரால்ப் பிளேஸ்டட் என்னும் காப்பீட்டு முகவர், தோழர் மூவருடன் பனியுந்தில் வடதுருவத்தையே அடைந்துவிட்டார்.

வண்டி சென்றவிடமெல்லாம் மகிழ்ச்சியை மட்டும் கொண்டுசெல்லவில்லை. பின்லாந்தின் வடகோடியில் மான்மந்தை மேய்த்து வாழும் ஸ்கோல்ட் சாமி மக்களிடையே 1960-களின் தொடக்கத்தில் இது புகுந்தது. பெர்ட்டி பெல்டோ என்ற மானிடவியல் அறிஞர் அவர்களோடு வாழ்ந்து, கண்டதை 1973-இல் நூலாக வெளியிட்டார். நார்வேக் கடைகளுக்குப் போய்வர மான்வண்டியில் மூன்று நாள் ஆனது, ஐந்து மணி நேரமாகக் குறைந்தது. நல்லதுதான். ஆனால் முன்பு சறுக்குக் கட்டைகளில் மந்தையோடு உடன் அலைந்த மேய்ப்பர், இப்போது இரைச்சலோடு விரட்டலாயினர். பழகிய மான்கள் மிரண்டு காட்டு மான்கள் ஆயின. வண்டிக்கும் பெட்ரோலுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் ரொக்கம் வேண்டும். ரொக்கம் இல்லாதவர் மேய்ச்சலையே விட்டு விலகினர். மந்தை சிலர் கையில் சேர்ந்தது. பத்தாண்டுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இந்நூலைப் பற்றி அறிந்தது குல்மார்க்கிலிருந்து திரும்பிய பிறகே. ஆனால் அங்கே பனியுந்திலிருந்து நாங்கள் இறங்கியபோது, கயிற்றைத் தோளில் போட்டபடி பெரியவர் ஒருவர் அருகே வந்தார். “ஐயா, கீழே இறங்கவாவது என் வண்டியில் வரலாமே” என்று இந்தியில் கேட்டார். வந்தோம். பாதி வழியில் அவர் மூச்சு வாங்கியதைக் கண்டு, என் மனைவி இறங்கி நடந்தே வந்துவிட்டாள். பேசிய கூலியில் எதுவும் குறைக்கக் கூடாது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.